மாமனார் வீட்டு மாடி

சமரச மையத்தில் சமரசம் பேசிவைக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற வக்கீல்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கணவனும் மனைவியும் பிரிந்தால் வீடு யாருக்கு? கல்லூரியில் பதக்கம் வாங்கியவரும் கேட்கிறார், இருபது வருஷம் கோர்ட்டில் வாதாடியவரும் கேட்கிறார். பதில் ஒரு வரி. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்ததெல்லாம் ஆளுக்குப் பாதி என்று நம் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கைப்பேசியில் எந்த ஊர்க் காணொளியையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள், நீங்கள்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் பெண்ணுடையவை. இரண்டு பேர் பெயரிலும் வாங்கியது இரண்டு பேருக்கும். ஜீவனாம்சம் தனிக் கணக்கு. பாடம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

அப்படிப் போக முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்து வீடுகள் சட்டப் புத்தகத்தைக் கேட்டுக் கட்டியவை இல்லை. ஒரகடம், வடக்குப்பட்டுப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்த அப்பா, வந்த பணத்தில் மணிமங்கலம் பக்கம் ஒரு மனை வாங்கிக் கீழே வீடு கட்டுவார். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். மகனுக்குக் கம்பெனியில் வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மகன் மாடி எடுப்பான். மகன் எடுத்தான் என்றுதான் ஊர் சொல்லும். உண்மையில் எடுத்தது இரண்டு சம்பளமும் மருமகள் கழுத்தில் கிடந்ததும். மனை மட்டும் அப்பா பெயரிலேயே இருக்கும். அதைப் பற்றி மருமகள் வாயைத் திறந்தால் வந்ததும் வராததுமாகப் பாகம் கேட்கிறாள் என்று பேர் வரும். அதனால் திறக்க மாட்டாள்.

பவானி, ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட மூன்று பேரும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சம்மதித்த பிறகுதான் சொல்கிறேன். நம் அறையில் பேசியது அறையோடு இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம். உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஏழுமலை கார் உதிரிபாகக் கம்பெனியில் வெல்டர். பவானி கைப்பேசி செய்கிற கம்பெனி ஒன்றில் இருந்தாள். அதை மூடிய பிறகு வேறொரு கம்பெனியில் சேர்ந்து லைனில் நின்றாள். ஒரே பெண் குழந்தை, அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. குடி, அடி, இன்னொருத்தி எதுவும் கிடையாது. அவன் ஒரு ஷிப்ட், இவள் ஒரு ஷிப்ட் என்று வருஷக்கணக்கில் ஓடி, வாசலில் சாவியைக் கை மாற்றிக்கொள்வதோடு குடும்பம் நின்றுபோயிருந்தது. ஒரு தீபாவளிக்கு இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருக்கிறது. பண்டிகை முடிந்த மறுநாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லையாம். ஏழுமலை இதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கேட்டால் சிரிப்பு வரும், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அவன் குன்றத்தூரில் நண்பர்களோடு ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வருஷம் தாண்டியதும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்டு இருவரும் சேர்ந்து மனுப் போட்டார்கள். கடைசி வாக்குமூலத்துக்கு முன்னால், சொத்து, குழந்தை விஷயத்தையெல்லாம் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள் என்று நீதிமன்றம் அவர்களை எங்களிடம் அனுப்பியது.

அவர்கள் வரும்போதே ஒப்பந்தத்தை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தை அம்மாவிடம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பார்ப்பார். பவானி ஜீவனாம்சம் கேட்க மாட்டாள். அதற்கு ஈடாக மாடி வீடு பவானிக்கு. இருவரும் யூனிபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலைக்கு இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது.

இப்படி ஒரு ஜோடி வந்தால் நமக்கெல்லாம் பாயசம். அழுகை கிடையாது, சத்தம் கிடையாது, சமரசம் ஏற்பட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் மாதக் கணக்கில் ஒன்று ஏறும். மாதக் கணக்கைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்கு வந்த அன்று மத்தியானமே அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறீர்கள்.

மாடி யார் பெயரில் இருக்கிறது என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"என் பேர்லதான் மேடம்" என்றாள் பவானி. "கரண்டு பில்லு என் பேர்ல வருது. வூட்டு வரி ரசீதும் என் பேருதான்."

மனை யார் பெயரில் என்று கேட்டேன். மாமா பெயரில் என்றாள், அது வேறு இது வேறு என்பது போல. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார் என்று ஏழுமலை சேர்த்துக்கொண்டான்.

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற தவறு இது, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பகீர் என்றிருக்கும். மின்சார பில்லும் வரி ரசீதும் யார் பணம் கட்டுகிறார்கள் என்று காட்டுமே தவிர, வீடு யாருடையது என்று காட்டாது. மாடி மாமனார் மனையின் மேல் நிற்கிறது, மனையோடுதான் போகும். விவாகரத்து வழக்கில் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவேதான் எதையும் பிரிக்க முடியும். மாமனார் அந்த வழக்கிலேயே இல்லை. மனைவியாக இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கவாவது அவளுக்கு ஒரு பிடிமானம் உண்டு. தீர்ப்பு வந்த மறுநாள் அதுவும் ஆட்டம் கண்டுவிடும். ஆக, ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்து அவள் வாங்கிக்கொள்ளப் போவது ஏழுமலைக்குச் சொந்தமில்லாத ஒன்றை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவள் இருக்கப் போகிற ஒரே கூரை அது. இருவரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. அவன் ஏமாற்றவில்லை, மனசாரக் கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இருவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல், அவரும் அன்றைக்கு வேறு ஊர்க் கோர்ட்டில் இருந்தார். நானே எடுத்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நாம் வக்கீல் இல்லை. ஒரு பக்கத்துக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தால் மறு பக்கத்துக்கு நாம் நடுவில் இருப்பவர் இல்லாமல் போய்விடுவோம். கேள்வி மட்டும் கேட்கலாம். நாளைக்கு அப்பா இல்லை என்றால், பவானி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று இருவரையும் பார்த்துக் கேட்டேன்.

ஏழுமலை கடிகாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். ஒரு அக்கா இருப்பதாகச் சொன்னான். அக்கா அப்படிச் சொல்வாரா என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் பவானி முந்திக்கொண்டாள்.

"அக்கா நல்லவங்கதான் மேடம். அக்கா வூட்டுக்காரருதான் சொல்லுவாரு."

அப்பாவை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த தடவை கன்னியப்பன் வந்தார். ஏழுமலையின் அப்பா. மனைவி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் இரண்டு மாடுகளை மேய்த்துக்கொண்டு, மருமகள் ஷிப்டுக்குப் போகிற நாட்களில் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தப் பெண்ணை யார் வெளியே அனுப்பப் போகிறார்கள், அது எனக்கு மகள் போல, மாடி அதற்குத்தான், நான் சொன்னால் சொன்னதுதான் என்றார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.

"ஆனா கையெழுத்து மட்டும் கேக்காதீங்கம்மா. நான் எதுலயும் போட மாட்டேன்."

எனக்கு மாமா சொன்னதே போதும் என்றாள் பவானி. அப்பா பேச்சு மாற மாட்டார் என்றான் ஏழுமலை. மூன்று பேருக்கும் திருப்தி. வெளியே குமாஸ்தா வந்து, நீதிபதி ஐயா அறிக்கை கேட்கிறார் என்று கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நாளை உங்களுக்கு வரப்போகிற இடம் இதுதான். எதிரில் இருக்கிற அத்தனை பேரும் ஒத்துக்கொண்டாயிற்று, ஒத்துக்கொள்ளாதவர் அறையிலேயே நீங்கள் ஒருத்தர்தான். அவர் வார்த்தையில் எனக்குச் சந்தேகம் இல்லை, அவருடைய ஆயுசில்தான் சந்தேகம். அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? இந்த நிலையில் நான் சமரசம் என்று எழுத முடியாது என்று மட்டும் சொன்னேன்.

பவானிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க மூணு பேரும் ஒத்துக்கினோம். உங்களுக்கு இன்னா மேடம் கஷ்டம்? தோ பாருங்க, ஒவ்வொரு வாட்டியும் பர்மிஷன் கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சியக் காட்டுறாரு."

யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறோமோ அவர்களே நம்மைத் திட்டுவது இந்த வேலையில் சகஜம். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, பேச்சு தொடர்கிறது என்று அறிக்கை எழுதி நீதிமன்றத்திடம் இன்னொரு தேதி வாங்கினேன். அந்த மாதக் கணக்கில் எனக்கு ஒன்று குறைந்தது, உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

பிறகு கன்னியப்பனை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். டீ வாங்கி வரச் சொன்னேன். கையெழுத்து ஏன் வேண்டாம் என்று கேட்டேன். தொழிற்பேட்டைக்கு அவர் நிலத்தை எடுத்த விஷயத்தில் யாரோ அவரை ஏமாற்றியிருப்பார்கள் என்று நானாக ஒரு கதை வைத்திருந்தேன். நல்லவேளை, அதை வெளியே சொல்லவில்லை.

"ஏமாத்தலாம் இல்லம்மா. குடுக்க வேண்டியத குடுத்தாங்க. கூப்ட்டாங்க, போனேன், கையெழுத்து போட்டேன். அப்பறம் ஒரு நாளு கெணத்தாண்ட போறேன், சுத்தியும் வேலி. உள்ள என் மோட்டாரு கீது, நான் வெளிய நின்னுகினு கீறேன். கையெழுத்து போட்டா அந்த எடத்த வுட்டு வெளிய போவணும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

டீயை ஊதி ஊதிக் குடித்தார். இந்த வயதில் இன்னொரு இடம் பார்த்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாடியைக் கொடுக்க அவருக்கு மறுப்பே இல்லை. கீழ்வீடும் சேர்ந்து போய்விடும் என்றுதான் பயம். இத்தனை நாளும் அவரிடம் எதைக் கொடுப்பீர்கள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறோம், எது உங்களிடமே இருக்கும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அதையும் நான் சொல்லக் கூடாது. இலவச சட்ட உதவியிலிருந்து அவருக்கென்று ஒரு வக்கீலையும், பவானிக்கென்று தனியாக ஒருவரையும் ஏற்பாடு செய்தேன். அவருடைய வக்கீல் பொறுமையான பையன். மாடியையும் அதற்குச் சேர வேண்டிய மனைப் பாகத்தையும் மட்டும் எழுதிக் கொடுக்கலாம், கீழ்வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், மாடிக்குப் போக வழி மட்டும் விட வேண்டும் என்று விளக்கினான். கீழே நான் இருக்கலாம்தானே என்று பெரியவர் மறுபடி மறுபடி கேட்டார். அவனும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னான்.

அடுத்த முறை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கையெழுத்துப் போட ஒத்துக்கொள்வதாகக் கன்னியப்பன் சொன்னார். பேத்தி பெயரில் எழுதிவிடுகிறேன் என்றார்.

அறையில் ஒரு பெருமூச்சு. ஏழுமலைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, சொத்து குடும்பத்தோடு இருக்கும், அக்கா வீட்டுக்காரரும் ஒன்றும் பேச முடியாது. வக்கீல்கள் தலையாட்டினார்கள். பவானி மட்டும் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மேசையைச் சுற்றி எல்லோரும் சந்தோஷப்படும்போது ஒருத்தர் பேசாமல் இருந்தால், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை, மாமனாரைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பாப்பா பேர்ல வேணாம் மாமா. என் பேர்ல எழுதுங்க. என் செயினு அந்தத் தளத்துல கீது. கம்பெனி மூடனப்போ குடுத்த பணம் அந்தச் செவுத்துல கீது. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்காம தளத்துக்குத் தண்ணி ஊத்துனவ நானு. பாப்பாவுக்கு நான் குடுப்பேன். எனக்குக் குடுக்க வேண்டியத பாப்பாவக் காட்டி குடுக்காதீங்க."

ரெண்டும் ஒன்றுதானே என்று ஏழுமலை முணுமுணுத்தான். ஒன்று இல்லை. உங்களுக்காகச் சொல்கிறேன், அன்று அவன் மறுபடி கேட்டபோது பவானியின் வக்கீல் அதைத்தான் சொன்னார். குழந்தை பெயரில் இருந்தால் அம்மா வெறும் காவலுக்கு இருப்பவள்தான். அந்தக் காவலிலும் சட்டம் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடும். அவசரத்துக்கு அடமானம் வைக்க வேண்டும் என்றாலும் கோர்ட்டில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். குழந்தை வளர்ந்த பிறகு, தான் கட்டிய வீட்டில் மகள் தயவில் இருக்க வேண்டும். நம்மிடம் வருகிற பெண்களுக்குச் சேர வேண்டியது இப்படித்தான் அடிக்கடி பிள்ளைகளுக்குச் சேர்ந்துவிடுகிறது, கேட்க அவ்வளவு அழகாகவும் இருக்கிறது.

கன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏழுமல, இது சொல்றது நெசமா?"

இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் சம்பளமும் அதில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது, அதற்குச் சாட்சி யாரும் கிடையாது. பேத்தி பெயருக்குப் போயிருந்தால் அவனுக்கு அந்த வீட்டில் ஒரு கால் இருந்திருக்கும். அவன் யோசித்துத்தான் பேசினான்.

"நெசம்தான்பா. என் சம்பளம் அக்கா கல்யாணக் கடனுக்கும் வண்டிக்கும் பூட்சி. மாடி அது போட்டதுதான்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி அவன் இப்படி நாலு பேர் முன்னால் சொன்னதில்லை என்று பவானி பிறகு சொன்னாள். பிரிகிற நேரத்தில் சொன்னான். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, மேலே பேசுவோம் என்றேன். பெரியவர் பவானி பெயருக்கே எழுத ஒத்துக்கொண்டார்.

வரிசையை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டோம். முதலில் பத்திரம் பதிவாக வேண்டும், அதன் பிறகுதான் பவானி கோர்ட்டில் ஏறி விவாகரத்துக்குச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வந்த பிறகு கையில் ஒன்றும் இருக்காது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், முதலில் தீர்ப்பு வாங்கிவிடலாம், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரப்படுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பதிவு அலுவலகத்துக்கு நான் போகவில்லை, போகவும் கூடாது. கன்னியப்பன் நடுங்காமல் கையெழுத்துப் போட்டார் என்றும், ஏழுமலையும் அவன் அக்காவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்றும் வக்கீல் வந்து சொன்னார். அக்காவைச் சாட்சியாகப் போட்டது கன்னியப்பனுடைய யோசனையாம். நமக்குக்கூட அது தோன்றவில்லை.

தீர்ப்பு வந்து சில வாரம் கழித்துப் பவானி ஒரு சான்று நகல் வாங்குவதற்காக எங்கள் பக்கம் வந்தாள். ஷிப்டுக்கு நேரம் இருந்தது, உட்கார்ந்து பேசினாள். தீர்ப்பு நாளைப் பற்றிக் கேட்டேன். கோர்ட் முடிந்து வெளியே வந்தால் மணிமங்கலம் பஸ்ஸைக் காணோம். ஏழுமலைதான் வண்டியில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். கீழே மாமனாரிடம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவள் மேலே போய்விட்டாள். அவன் வண்டியை நிறுத்திவிட்டு, பழைய வழக்கப்படி படியில் கால் வைத்து இரண்டு படி ஏறியும் விட்டான். அப்புறம் நின்று, கீழே இறங்கி, வாசலிலிருந்தே குரல் கொடுத்திருக்கிறான்.

"மேல வரலாமான்னு கேட்டாரு மேடம்" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை அப்படி யாரும் கேட்டதே இல்ல."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"பாப்பா தூங்குது, ஞாயித்துக்கெழம வாங்கன்னேன். சரின்னுட்டு, கீழ மாமாகூட டீ குடிச்சிட்டுப் பூட்டாரு."